முப்பத்தாறு ஆணிகள்

மே 19, ஞாயிறு

பிள்ளைகள் வந்து சேர்ந்தாயிற்று. முப்பத்தாறு பேர், பதினொரு வயதிலிருந்து பதினைந்து வரை. பாதிப் பேர் வந்ததும் வராததுமாக வைஃபை எங்கே என்று கேட்கிறார்கள். ஒருத்தி மட்டும் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். அவளுக்கு முதலில் கொடுத்தேன்.

பதினெட்டு வருஷமாக இந்தப் பள்ளியின் பெண்கள் விடுதிக் காப்பாளர் நான். மே மாதம் ஒன்றுதான் எனக்கு என்று இருக்கும் மாதம். இந்த வருஷம் சென்னை அறக்கட்டளை ஒன்று ஓவிய முகாமுக்குப் பள்ளியைக் கேட்க, தலைமை ஆசிரியர் கட்டடத்தோடு என்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். “பாதுகாப்புப் பொறுப்பு: அன்னத்தாய்” என்று போர்டு வேறு எழுதி மாட்டியிருக்கிறார்கள். நல்ல எழுத்து, அதைச் சொல்ல வேண்டும்.

முகாமை நடத்துகிற வைதேகி மேடம் ஒரு கையேடு தந்தார். இருபத்திரண்டு பக்கம். வண்ணம் கரைக்கிற டர்ப்பன்டைன் பூட்டிய அலமாரியில். கத்தி, பிளேடு காலையும் மாலையும் எண்ண வேண்டும். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. இதெல்லாம் சரி. பெயர் வாசிப்பது நாளைக்கு ஐந்து முறையாம். பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து, பிள்ளை “இருக்கேன்” என்று சொன்ன பிறகுதான் டிக் போட வேண்டுமாம். இதை எழுதின புண்ணியவான் முப்பத்தாறு பிள்ளைகளை ஒரு வேளையாவது பந்தியில் உட்கார வைத்திருப்பாரா?

மே 20, திங்கள்

பெயர் வாசிக்கப் பதினோரு நிமிஷம் ஆகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஐந்து முறை என்றால் ஒரு மணி நேரம் மைதானத்து வெயிலில் போகிறது. ஒருத்தி பெயருக்கு இன்னொருத்தி “இருக்கேன்” என்கிறாள், உடனே கூட்டமே கெக்கெக்கே என்று சிரிக்கிறது. மதியம் ஒரு பெண் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன்.

பிளேடு பன்னிரண்டு, சரி. மூச்சிறைப்பு உள்ள பையனின் பம்ப் என் பையில். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தனிச் சட்னி. சமையல்காரியிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று, நாலாவது தடவைக்கு முறைத்தாள்.

மண்வண்ணம் சொல்லிக் கொடுக்க வந்திருப்பவர் இசக்கிமுத்து. முப்பத்திரண்டு வயது. பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். உடம்பெல்லாம் மண். அவர் நடந்து போன வராந்தாவைப் பெருக்கவே ஓர் ஆள் வேண்டும். ஆனால் பிள்ளைகள் அவரிடம் ஒட்டிக்கொள்கிறார்கள்.

மே 21, செவ்வாய்

ஒரு யோசனை செய்தேன், பலித்தது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் எழுதிய ஏப்ரன் இருக்கிறது. விடுதியில் பழைய சாவிப்பலகை சும்மா கிடந்தது. அதில் முப்பத்தாறு ஆணி அடித்து எண் எழுதிக் கூடத்து வாசலில் மாட்டினேன். வெளியே போகும்போது ஏப்ரனைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், திரும்பியதும் தன் ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி எல்லாம் நிறைந்திருந்தால் எல்லோரும் உள்ளே என்று அர்த்தம். ஒரு பார்வை போதும். பதினோரு நிமிஷம் ஒரு நிமிஷமாகிவிட்டது!

இசக்கிமுத்துதான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“அப்ப பேரு வாசிக்க வேண்டாமா மிஸ்?”

“வாசிச்சதா எழுதிக்கிடுவோம். எல்லாம் ஒண்ணுதான்.”

“இல்ல, கையேட்டுல மொகத்தப் பாக்கணும்னு போட்டிருக்கே...”

“சார், கையேடு மெட்ராசுல ஏசி ரூமுல எழுதுனது. வெயில் இங்கனல்லா அடிக்கி? நேத்து ஒரு பிள்ள மயங்கி விழுந்தத நீங்களும் பாத்திய.”

அதற்கு மேல் பேசவில்லை. என் பேச்சுக்கு மேல் பேசுகிறவர்கள் இந்தப் பள்ளியில் குறைவு.

மே 22, புதன்

ஆணிப்பலகை அருமை. மத்தியானம் கால் நீட்டி உட்காரக் கிடைத்தது.

மே 23, வியாழன்

பள்ளிக்குப் பின்னால் ஓடும் கால்வாய் இப்போது வறண்டு கிடக்கிறது. இசக்கிமுத்து பிள்ளைகளை அதற்குள் இறக்கி மண் எடுக்க வைக்கிறார். மஞ்சள் மண், காவி மண், கறுப்பு வண்டல். அரைத்து, துணியில் வடிகட்டி, வேப்பம்பிசின் சேர்த்தால் சாயமாகிறது. கண்ணால் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

நஸ்ரின் என்று ஒருத்தி. பன்னிரண்டு வயது, மேலப்பாளையம். முதல் நாள் தண்ணீர் கேட்டாளே, அவள்தான். வாப்பா ஆட்டோ ஓட்டுகிறாராம். கால்வாய்ப் பாலத்துக்கு அடியில் வெள்ளை மண் கண்டுபிடித்திருக்கிறாள். ஊரிலேயே யாருக்கும் தெரியாத மண்ணாம். அதைத் தன் டிபன் டப்பாவில் அடைத்து வைத்து, யார் கேட்டாலும் தரமாட்டேன் என்கிறாள். மாலையில் என்னைப் படம் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். புருவம் இரண்டும் சண்டைக்கு நிற்கிறது.

“இப்படியாட்டி இருக்கேன் நான்?”

“மிஸ், நீங்க எண்ணும்போது இப்படித்தான் இருப்பிய.”

சிரித்துவிட்டேன். பிறகு அவளைப் பல் தேய்க்கத் துரத்தினேன்.

மே 25, சனி

கால்வாய் மடை திறக்கிற பொதுப்பணித்துறை லஸ்கர் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். கீழே குடிதண்ணீர்க் குளங்களை நிரப்ப, திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குக் கால்வாயில் தண்ணீர் விடுகிறார்கள். “மொதத் தண்ணி மெள்ள வார மாதிரி இருக்கும் மிஸ், நம்பாதீய. பத்து நிமிசத்துல ஆள் ஒயரம் வந்துரும். பிள்ளேள எறக்கவே கூடாது” என்றார்.

கால்வாய்ப் படியில் சிவப்புக் கயிறு கட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை அறிவித்தேன். திங்களன்று தென்னந்தோப்பில் வகுப்பு இருக்கிறது, தோப்பு கால்வாய் ஓரம்தான். பத்தேகாலுக்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

வைதேகி மேடம் கேட்டார், “எண்ணிக்கை எல்லாம் சரியா நடக்குதாம்மா?”

“பதினெட்டு வருசத்துல ஒரு பிள்ள தவறுனதில்ல மேடம்.”

அது உண்மை.

மே 26, ஞாயிறு

நாளை வேலை தலைக்கு மேல். பதிவேட்டில் நாளைய பக்கத்தில் ஐந்து கட்டத்திலும் “பெயர் வாசிக்கப்பட்டது” என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தேன்.

மே 27, திங்கள்

எழுத்து எப்படி வந்தாலும் வரட்டும்.

பத்தேகாலுக்குத் தோப்பிலிருந்து திரும்பினார்கள். நான் சமையலறையில் கேஸ் சிலிண்டர்காரனோடு சண்டையில் இருந்தேன். இசக்கிமுத்து பலகையைப் பார்த்துவிட்டு வந்து, “முப்பத்தாறும் இருக்கு மிஸ்” என்றார். சரி என்றேன். பதினோரு மணிக்குத் தண்ணீர் திறந்த சங்கு கேட்டது. “வந்துட்டு, வந்துட்டு” என்று பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். அப்போதுதான் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு கிண்ணம் மிஞ்சியது.

மிஞ்சக் கூடாது. எண்ணி எடுத்து வைத்த கிண்ணம்.

“யாரு வாங்கல?”

யாரோ சொன்னார்கள், நஸ்ரின்.

கழிவறையில் இல்லை. கட்டிலில் இல்லை. இருபத்தேழாம் ஆணியில் அவளுடைய ஏப்ரன் தொங்குகிறது. தொட்டுப் பார்த்தேன், ஈரச் சாயம் இன்னும் காயவில்லை. அவளுடைய தோழி அழ ஆரம்பித்தாள். “ஏப்ரனக் கழட்டி மாட்டிட்டு அப்பவே போயிட்டா மிஸ், டப்பாவ எடுத்துட்டு ஓடியாந்துருவேன்னு சொன்னா. அவ சொல்லக் கூடாதுன்னா.”

வெள்ளை மண் டப்பாவை யாரும் எடுக்காதபடி பாலத்துக்கு அடியிலேயே ஒளித்து வைத்திருந்தாளாம்.

ஐயோ, நான் ஓடின ஓட்டம்! செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. கரையில் நின்று பார்த்தால் செந்தண்ணீர் குப்பையும் நுரையுமாக வருகிறது. பாலத்தின் வளைவுக் கண்ணுக்குள் இருட்டு. நஸ்ரின் என்று கத்தினேன். “மிஸ்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

குதித்துவிட்டேன். எனக்கு இடுப்பளவு, அவளுக்குக் கழுத்தளவு. சரிந்து கிடந்த கல்லுக்கு நடுவில் அவளுடைய கால் மாட்டியிருந்தது. முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டேன். என்னால் அது ஒன்றுதான் முடிந்தது. இசக்கிமுத்து என் பின்னாலேயே குதித்து, தலையை உள்ளே விட்டு முங்கினார். எழுந்தார், மறுபடி முங்கினார். நாலாவது தடவை கல் புரண்டது. அதற்குள் இரண்டு தடவை தண்ணீர் அவள் வாய்க்கு மேலே போய்விட்டது. மாதாவே, மாதாவே என்று கத்திக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். நெஞ்சில் தண்ணீர் போயிருக்கிறது, கணுக்காலில் முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குக் கால் தரையில் நின்றது.

தலையை எண்ண வேண்டிய ஆள் ஆணியை எண்ணியிருக்கிறார். என்ன சொல்ல.

மே 28, செவ்வாய்

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து என்னைப் படம் எடுத்தார். “உயிரைப் பணயம் வைத்த காப்பாளர்” என்று போடப் போகிறாராம். வேண்டாம் என்றேன். ரொம்ப வற்புறுத்திச் சொல்லவில்லை.

மதியம் விசாரணை. வைதேகி மேடமும், சென்னையிலிருந்து கார் போட்டு வந்த அறக்கட்டளைச் செயலாளரும். பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்கள்.

“பத்தேகாலுக்குப் பேரு வாசிச்சதா இருக்கு. உங்க கையெழுத்து இருக்கே, அன்னத்தாய்?” என்றார் மேடம்.

“அவரு வாசிச்சிருவாருன்னு நெனச்சுப் போட்டேன் மேடம்” என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை, தன்னால் வந்துவிட்டது.

இசக்கிமுத்து என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

“நீங்க வாசிச்சீங்களா?” என்று செயலாளர் அவரிடம் கேட்டார்.

“இல்ல சார். நான் ஏப்ரனத்தான் எண்ணுனேன்.”

“ஏன்?”

“எண்ணுனது நாந்தான் சார்” என்று மட்டும் சொன்னார்.

அவரை நாளை மறுநாள் அனுப்பிவிடுகிறார்கள். அறிக்கையின் நகல் அவருடைய பள்ளிக்கும் போகுமாம். பகுதிநேர வேலை, ஒரு காகிதம் போதும், அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? எனக்கும் வேலை இருக்கிறது. ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது.

மே 29, புதன்

நேற்றுக் காலையிலிருந்து நானே பெயர் வாசிக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

மாலை மருத்துவமனைக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். வாப்பா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார், உம்மா தலைமாட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நஸ்ரின் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“ஏட்டி, கால் மாட்டுன ஒடனே கூப்பாடு போட்டிருக்கலாம்லா? தோப்புல வேலையாளு இருந்தாவளே” என்று கேட்டேன். திட்டுகிற மாதிரிதான் கேட்டேன்.

“ரெண்டு தடவ கத்துனேன் மிஸ். அப்பறம் சும்மா இருந்துட்டேன்.”

“ஏன்?”

“நீங்கதான மொத நாளு சொன்னிய? வழி தப்பிட்டா அழுதுட்டு ஓடாதீய, நின்ன எடத்துலயே நில்லுங்க, எண்ணும்போது எனக்குத் தெரிஞ்சிரும், நான் தேடி வந்துருவேன்னு. பத்தேகாலுக்கு எண்ணுவிய, எப்படியும் பத்தரைக்கு வந்துருவியன்னு நெனச்சேன். அப்பறம் பதினோரு மணி சங்கு ஊதிட்டு. அப்பந்தான் மிஸ் எனக்குப் பயம் வந்துச்சு.”

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன், முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

“ஆனா வந்துட்டியள்ல” என்றாள்.

வெளியே வந்து, மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழுகை வந்து எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை. முக்கால் மணி நேரம் அந்தப் பிள்ளை என்னை நம்பி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த முக்கால் மணி நேரமும் நான் சிலிண்டர்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

ஆணிப்பலகை என்னுடைய யோசனை. நான்தான் அவரை அப்படி எண்ணச் சொன்னேன். இங்கேயாவது எழுதிவிட்டேன்.

மே 30, வியாழன்

காலை ஏழு மணி பஸ்ஸுக்கு இசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தார். போகாமல் இருக்க முடியவில்லை. கல்லைப் புரட்டியதில் விரல் நகம் இரண்டு பெயர்ந்து, கையில் கட்டு.

“ஏன் சார் சொல்லல? நாந்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“நீங்க தண்ணியில குதிச்சதப் பாத்தேன் மிஸ். அப்படிக் குதிச்ச மனுசி, இதையும் நீங்களே சொல்லிருவியன்னு நெனச்சேன்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “இப்ப எனக்குந்தான் மனசு ஆற மாட்டேங்கு. நீங்க சொன்னாலும் நானும் மொகத்தப் பாத்திருக்கணும்லா.”

பஸ் வந்துவிட்டது.

நேரே வைதேகி மேடத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு நாளாகப் பெயர் வாசிக்கவே இல்லை, எழுதியதெல்லாம் பொய் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

“அன்னத்தாய், உக்காருங்க. நீங்க இப்ப இதைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஒருத்தர் ஒரு நாள் தப்பு பண்ணாருன்னா அது தப்பு. முகாம் பூரா யாருமே எண்ணலைன்னா எல்லா அப்பா அம்மாவும் கேஸ் போடுவாங்க. பேப்பர்ல உங்களைப் பத்தி நல்லபடியா வந்திருக்கு. நாளைக்கு நிறைவு விழால உங்களுக்குப் பொன்னாடை. விட்டுடுங்க.”

“இசக்கிமுத்து சார்?”

“அவருக்கு வேற முகாம்ல பாத்துக்கலாம்.”

சரி மேடம் என்று எழுந்து வந்துவிட்டேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று. இனி அவர்கள் பாடு.

மதியம் சாப்பிடவில்லை. வெயில் அதிகம், அதனால் இருக்கும்.

மே 31, வெள்ளி

விழா பதினொன்றுக்கு. ஒன்பதரைக்கே ஓர் ஆட்டோ வந்து விடுதி வாசலில் நின்றது. நஸ்ரினின் வாப்பா. காலையில்தான் மருத்துவமனையில் விட்டிருக்கிறார்கள், நேரே இங்கே வந்துவிட்டார். பின் சீட்டில் நஸ்ரின், மாவுக்கட்டுப் போட்ட காலை உம்மா மடியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவர் மட்டும் என் அறைக்கு வந்தார். மெலிந்த மனிதர். காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒங்களுக்கு நான் என்ன செய்யன்னே தெரியல டீச்சர். அஞ்சு வேளையும் ஒங்களுக்காவ துஆ கேக்கேன்.” சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். எங்கள் விடுதியின் சேர்க்கை விண்ணப்பம். ஏழாம் வகுப்பு. நீல மையில், எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியிருந்தார். “வீட்ல வேண்டாம்னுதான் சொன்னாவ. நாந்தான் சொன்னேன், உசுரக் குடுத்துக் காப்பாத்துனவுககிட்ட விடாம வேற யாருகிட்ட விடச் சொல்லுதன்னு.”

விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாங்கி மேஜையில் வைத்திருந்தால் முடிந்திருக்கும். பதினொரு மணிக்குப் பொன்னாடை, ஜூனில் பிள்ளை, எல்லாம் நடந்திருக்கும்.

“பாய், ஒரு விசயம் சொல்லணும். கேட்டுட்டு அப்பறம் குடுங்க” என்றேன்.

சொன்னேன். பலகையை, ஏப்ரனை, பதிவேட்டை, முந்தின நாளே போட்ட கையெழுத்தை. விசாரணையில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த மரியாதை போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லி முடித்தேன்.

பிறகு கேட்டார், “எத்தன நாளா?”

“இருபத்தொண்ணாந் தேதியிலருந்து.”

விரலை மடக்கி எண்ணினார். “ஏழு நாளு. ஏழு நாளும் எம்பிள்ள இருக்காளா இல்லையான்னு ஒருத்தரும் பாக்கல.”

“பாக்கல.”

“டெய்லி சாயங்காலம் அந்த மேடத்துக்குப் போன் போடுவேன். அஞ்சு தடவ எண்ணுதோம், கவலப்படாதீங்கன்னு சொன்னாவளே.”

மேடத்திடம் அப்படிச் சொன்னதும் நான்தான்.

“இத எழுதிக் குடுங்க” என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், உதட்டை அசைத்து வரி வரியாகப் படித்தார். திரும்பி வந்தார்.

“அந்த வாத்தியாரு பேரு இதுல இல்லியே. தண்ணிக்குள்ள முங்கிக் கல்லப் பொரட்டுனாருன்னு எம்பிள்ள சொன்னா. அவருக்கு நீங்கதான் அப்படி எண்ணச் சொன்னியன்னு போடுங்க. இசுகூலு பேரும் போடுங்க. நாளைக்கே கொண்டு போயி அங்க குடுக்கேன். இன்னொண்ணு எழுதுங்க, அது எனக்கு.”

இரண்டு பிரதி எழுதினேன். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போட்டிருப்பேனோ, இந்த இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

தாள்களை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்றார்.

“நீங்க எறங்கலன்னா எம்பிள்ள இல்ல. அது எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் துஆ கேப்பேன் டீச்சர்.” கையை நீட்டினார். “அந்தப் பாரத்தக் குடுத்துருங்க.”

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.

வாசல் வரை வந்தேன். பொன்னாடைக்குத் தேடிக்கொண்டு யாரோ “அன்னத்தாய் மேடம்” என்று கூப்பிட்டார்கள். ஆட்டோ கிளம்பியது. நஸ்ரின் பின்னாலிருந்து தலையை வெளியே நீட்டி, “மிஸ், ஜூன்ல வந்துருவேன், எனக்கு ஜன்னல் பக்கம் கட்டில் போட்டு வைங்க” என்று கத்தினாள். வாப்பா திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனார். அவளிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.